எல்லைமானியும் ஏழு எருமைகளும்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று எல்லைமானி என்னும் அரசாங்கக் கருவி நகரங்களுக்கு எல்லைக்கோடு போடும். ஆற்றையோ மலையையோ அது பொருட்படுத்துவதில்லை. எந்த ஊர்க்காரர்கள் எங்கே போய் வருகிறார்கள் என்பதை மட்டும் வானிலிருந்து கவனிக்கும். ஓர் ஊரில் நாலில் ஒருவர் தினமும் கோயம்புத்தூருக்குப் போனால், அந்த ஊரும் கோயம்புத்தூர்தான். யாரையும் கேட்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.

இந்த ஆடியில் கோடு கள்ளிமேட்டுக்குப் பக்கத்து வாய்க்கால்வரை வந்துவிட்டது. தீபாவளிக்குள் ஊரை விழுங்கிவிடும் என்றார்கள். கள்ளிமேட்டு நிவேதாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாநகர எல்லைக்குள் ஆடு மாடு வளர்க்கக் கூடாது என்பது சட்டம். அவளிடம் ஏழு எருமைகள் இருந்தன. அவற்றை விற்றுவிட்டு ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் போய் உட்காரும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"கோயமுத்தூருக்கு எதுக்குங்க போறோம்? பல்லப் புடுங்க, புள்ளைகளுக்கு டியூசன் வெக்க. அதெல்லாம் இங்கயே வந்துட்டா?"

"அப்ப வேலைக்கு?" என்றார் மளிகைக்கடை சண்முகசுந்தரம்.

"வேலையும் இங்க வரட்டுமுங்க. நாம போக வேண்டாம்."

பேச்சோடு அவள் விடவில்லை. பல் டாக்டருக்குத் தன் வீட்டு மாடியைச் சும்மாவே கொடுத்தாள். மோட்டார் பம்பு முதலாளி ஒருவரின் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து, அவருடைய பட்டறையை ஊருக்குள் கொண்டுவந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்களை வழிமறித்துத் திட்டினாள். பிடிவாதக்காரி என்று பெயர் வந்தது, வரட்டும் என்றாள்.

தீபாவளிக்குக் கோடு பின்வாங்கியிருந்தது. ஊரே கூடுதலாகப் பட்டாசு வெடித்ததில் எருமைகள் மிரண்டு ஓடின. அவள் சிரித்துக்கொண்டே துரத்திப் பிடித்தாள்.

பல்வலிக்கு ஊர் எல்லை ஏது? பக்கத்து ஊர்க்காரர்களும் டாக்டரைத் தேடி வந்தார்கள். பிறகு பட்டறை வேலைக்கு வந்தார்கள். எதற்கு வந்தாலும், திரும்பும்போது நிவேதாவின் கொட்டகையில் தயிர் வாங்காமல் போனதில்லை. அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது.

தை மாதத்துக்குப் பின் எல்லைமானி புதிதாக ஒரு வட்டம் போட்டது. கள்ளிமேடு மாநகரம். நாலில் ஒருவர் கள்ளிமேட்டுக்கு வந்துபோனதால், சுற்றியிருந்த ஒன்பது ஊர்களும் அதற்குள். அதிகம் பேர் வந்துபோகும் இடம்தான் நகரின் மையம் என்பது விதி. மையப்புள்ளி நிவேதாவின் மாட்டுக்கொட்டகைமேல் விழுந்திருந்தது.

அன்று சாயங்காலமே அந்த ஒன்பதில் ஒன்றான ஊத்துக்காட்டிலிருந்து தர்ஷினி வந்தாள். முப்பது வெள்ளாடு வைத்திருப்பவள். சண்டை போடத்தான் வந்தாள். நிவேதாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

"எங்க ஆடெல்லாம் என்னாகறதுங்க அக்கா? அன்னிக்கு நீங்க எப்படிங்க கோட்டத் தள்ளுனீங்க?"

நிவேதா வாசலைப் பார்த்தாள். தூக்குப்பாத்திரங்களோடு நின்ற வரிசையில் பாதிப்பேர் ஊத்துக்காட்டுக்காரர்கள்.

"மொதல்ல ஒண்ணு பண்ணு கண்ணு. எங்கிட்ட தயிர் வாங்கறத உங்கூர்ல அத்தன பேரும் நிறுத்துங்க."

சொல்லிவிட்டு, வரிசையின் கண்ணெதிரிலேயே கொட்டகைக் கதவைச் சாத்தினாள். உள்ளே இன்னும் கறக்காத எருமைகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன.