பிஸ்கட்டா, நீலமா?

கூடத்துச் சுவருக்கு எந்த நிறம் அடிப்பது? ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

பெயிண்டர் மாமா சுவரில் கதவளவுக்கு இரண்டு பட்டைகள் அடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். இடப்பக்கம் பிஸ்கட் நிறம். வலப்பக்கம் நீலம்.

"பிஸ்கட்தான்!" என்றாள் வாயாடி. அவளுக்கு வயது பத்து. அந்தப் பட்டப்பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது அவளோடு ஐந்து நிமிடம் இருந்தால் தெரிந்துவிடும். "சோபாவுக்கு எடுப்பா இருக்கும்பா. நீலம் அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

அப்பாவுக்கு நீலம் பிடிக்கும். ஆனால் வாயாடியிடம் பேசி ஜெயிக்க அவரால் ஆகுமா? அம்மாவும் மகள் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

"சரி, பிஸ்கட்டே இருக்கட்டும்" என்று அப்பா விட்டுக்கொடுத்தார்.

வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி சுண்டுவிடம் சொல்ல ஓடினாள். சுண்டுவுக்குக் காது கேட்காது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கையாலும் பேசுவார்கள். வாயாடி கையாலும் வாயாடிதான்.

பிஸ்கட் பட்டைக்கு முன்னால் நின்று, 'இதுதான் நம்ம சுவர்!' என்று சைகை காட்டினாள். எதிரே சோபாவில் இருந்த சுண்டு கண்ணைச் சுருக்கினான். பிறகு எழுந்து கிட்டே வந்தான்.

பழைய சுவரும் கிட்டத்தட்ட இதே மங்கல் நிறம்தான். அவன் எப்போதும் இப்படிக் கிட்டே வந்துதான் பார்ப்பான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இன்று அவளுக்கு உறுத்தியது. அவனைத் திரும்பவும் சோபாவில் உட்காரவைத்தாள். நீலப் பட்டைக்கு முன்னால் போய், 'பிஸ்கட் நிறம் அடிக்கப் போறோம்' என்றாள்.

சுண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே சட்டென்று பதில் சொன்னான். 'பிஸ்கட்டா? எனக்குப் பசிக்குது!'

அடுத்து இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அவன் பிஸ்கட் பட்டைக்கு முன்னால் நின்று நீளமாக ஏதோ சொன்னான். மாலை வெளிச்சத்தில் அவன் விரல்களும் சுவரும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அவளுக்குப் பாதி புரியவில்லை.

புரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம்!

வாயாடி பிஸ்கட் நிறத்தை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நீலமே அடிக்கலாம்."

"என்னடி இது? நீதானே ஒத்தக்கால்ல நின்னே!" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் சோபாவில உட்காருங்க. சுண்டு பேசட்டும், பாருங்க."

சுண்டு முதலில் பிஸ்கட் பட்டைக்கு முன்னால் பேசினான். பிறகு நீலப் பட்டைக்கு முன்னால் பேசினான். அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா போனை எடுத்துப் பெயிண்டர் மாமாவைக் கூப்பிட்டார்.

நீலச் சுவர் காய்ந்த அன்று சாயங்காலம் நாலு பேரும் கூடத்தில் இருந்தார்கள். தான் தெருநாயை விரட்டிய கதையை அப்பா நீலச் சுவருக்கு முன்னால் நின்று கையை வீசி வீசிச் சொன்னார். எதிர்மூலையிலிருந்து சுண்டுவின் கைகள் குறுக்கிட்டன.

'பொய்! போன தடவை சொன்னப்போ நாய்தான் உங்களை விரட்டுச்சு!'

அப்பா திருதிருவென்று விழித்தார். அதற்குப் பிறகு சுண்டு நிறுத்தவே இல்லை. அன்று முழுக்க, வாயாடிக்கு ஒரு வார்த்தை பேசக்கூட இடம் கிடைக்கவில்லை.