பின்பக்கமாக ஏறிய டாங்கி

காலை 10.00

பயிற்சி அறையின் பெரிய திரையில், கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில், ஒரு டாங்கி ஏறிக்கொண்டிருந்தது. மூக்கு எதிரிப் பக்கம், நகர்வது பின்பக்கமாக. பாழடைந்த மில்லுக்குப் பின்னாலிருந்த மேட்டில், வளைந்து வளைந்து போன ஒற்றைப் பாதை அது.

இறுதிப் போட்டிக்கென்று அணி பொத்திப் பொத்தி வைத்திருந்த வித்தை இதுதான். கனத்த முன்பக்கத்தை எதிரிக்குக் காட்டியபடியே உச்சிக்குப் போய்விட்டால், அங்கிருந்து ஆட்டம் நம் கையில். அந்த வித்தையை நேற்று மதியம் ஒரு பொது ஆட்டத்தில், எதிரணியின் கண்ணெதிரே, யாரோ செய்து காட்டியிருக்கிறார்கள். டாங்கியின் தலைக்கு மேலே மிதந்த பெயர், வித்தையைக் கண்டுபிடித்தவளுடையது.

"சாயங்காலம் ஃபைனல். பன்னண்டு மணிக்கு ஆட்டக்காரங்க பேர அனுப்பணும். உன் பேரு அதுல இருக்காது" என்றார் மேனேஜர்.

"சார், சத்தியமா நான் இல்ல. தலைவலின்னு வீட்டுக்குப் போயிட்டேன். என் பேர்ல திறந்திருந்த மெஷினை அணைக்க மறந்துட்டேன்."

குரல் உடைந்தது. இரண்டு வருட உழைப்பு அவளுக்கு இது. பக்கத்தில் நின்ற அவளுடைய அக்கா மட்டும் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் சுவரில் இடித்தவர்களை அவள் பார்த்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

மேட்டின் கீழ் வளைவுகளில் டாங்கி முதலில் தப்பான பக்கம் வெட்டியது, பாறையில் உரசியது, நின்றது, பிறகுதான் சரியான பக்கம் திரும்பியது. மேலே போகப் போக ஒழுங்காகிவிட்டது. கடைசி வளைவுகளில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது.

"என் தங்கச்சி எப்பவாவது இப்படி இடிச்சிருக்காளா?"

"வேற யாரோ ஓட்டின மாதிரி காட்ட வேணும்னே இடிச்சிருக்கலாம்ல?" என்றார் மேனேஜர்.

10.20

தங்கையைத் தவிர அறைச் சாவி வைத்திருந்தவர்கள் அணியின் மற்ற மூன்று பேர். கேப்டன், தாடி, ஸ்டெப்னி. இதில் ஸ்டெப்னி மாற்று ஆட்டக்காரன். யாராவது விழுந்தால்தான் அவனுக்கு வாழ்வு. எல்லார் பார்வையும் இயல்பாக அவன்மேல்தான் விழுந்தது.

"நேத்து மதியம் எங்க இருந்தே?"

"வெளிய... தனியாத்தான் இருந்தேன்க்கா."

தாடியும் தனியாகத்தான் இருந்திருக்கிறான். கேப்டனும் அப்படியே. பிரேக் அக்கா மூவரையும் ஒரே கேள்வி கேட்டாள்.

"இவ மெஷின்ல உட்கார்ந்து ஓட்டியிருக்கீங்களா?"

"ஐயோ, தொடவே விடமாட்டா" என்றான் தாடி.

"அவ சீட்டுல உட்கார்ந்ததே இல்லக்கா" என்றான் ஸ்டெப்னி.

"ஒரு தடவைகூட இல்ல" என்ற கேப்டன், மேனேஜர் பக்கம் திரும்பினான். "சின்னப் பொண்ணு சார். ஏதோ ஆசையில செஞ்சிட்டா. வெளியே சொல்லி அசிங்கப்படுத்தாம அனுப்பிடலாம்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார் மேனேஜர்.

10.45

பிரேக் அக்கா தங்கையை அவளுடைய மெஷினுக்கு இழுத்துப் போனாள். தானே உட்கார்ந்து ஒரு வளைவில் ரிவர்ஸ் எடுத்தாள். டாங்கி நேரே போய்ப் பாறையில் முட்டியது.

"என்னடி இது? இடது பக்கம் அழுத்தினா பின்பக்கம் வலது பக்கம் போகுது!"

"எனக்கு அப்படித்தான்க்கா வசதி. செட்டிங்கை மாத்தி வச்சிருக்கேன். மத்த மூணு பேருக்கும் கார் மாதிரிதான். இடதுன்னா பின்பக்கமும் இடதுதான் போகும்."

"உன்னோடது இப்படின்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"செட்டிங்கை எல்லாம் யாரும் யார்கிட்டயும் சொல்லமாட்டோம்க்கா. கேக்கறதே மரியாதை இல்ல."

பிரேக் அக்காவின் முகம் மலர்ந்தது. தங்கையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுந்தாள்.

11.15

"நேத்து ஓட்டினவனுக்கு ரிவர்ஸ் சரியா வரலை. அதுதான் துப்பு" என்று எல்லார் முன்னாலும் அறிவித்தாள். "மூணு பேரும் இவ மெஷின்ல அதே மேட்டுல ஏறிக் காட்டணும். இடிச்சவன் மாட்டினான்!"

தாடி முதலில் உட்கார்ந்தான். முதல் வளைவிலேயே தப்பான பக்கம் வெட்டிப் பாறையில் மோதினான். "ஏய், என்ன இது தலைகீழா இருக்கு!" என்று அலறினான்.

ஸ்டெப்னியின் நிலைமை அதைவிட மோசம். இடித்தான், பயந்தான், பதற்றத்தில் மறுபடி இடித்தான். கடைசியில் டாங்கி பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது. "இவன்தான்! எனக்கு அப்பவே தெரியும்!" என்று மேனேஜர் மேஜையைத் தட்டினார். ஸ்டெப்னி அழுதேவிட்டான்.

"இருங்க சார். இன்னும் ஒருத்தர் பாக்கி."

கேப்டன் நிதானமாக உட்கார்ந்தான். முதல் வளைவு சுத்தம். இரண்டாவது, மூன்றாவது, உச்சி வரைக்கும் ஒரு உரசல் இல்லை. எழுந்து, சட்டையை நீவிக்கொண்டு சிரித்தான்.

"பிரமாதம். நீங்கதான் மாட்டினீங்க கேப்டன்" என்றாள் பிரேக் அக்கா.

கேப்டன் சடாரென்று அவள் பக்கம் திரும்பினான்.

"நான் இடிக்கவே இல்லையே!"

"அதான் தம்பி தப்பு. இவ வண்டி உங்க வண்டிக்கு நேர் எதிர். முதல்முறை உட்கார்ந்தா யாரா இருந்தாலும் இடிக்கணும். இருபது வருஷமா ஸ்டீயரிங் பிடிக்கிற நானே இடிச்சேன். தாடி இடிச்சான், ஸ்டெப்னி கவுத்தே விட்டான். அவங்க சொன்னது உண்மை, அவங்க இதுல உட்கார்ந்ததே இல்ல. நேத்து ஓட்டினவனும் முதல்ல இடிச்சான். ஆனா உச்சிக்குப் போறதுக்குள்ள கை பழகிடுச்சு. அந்தப் பழகின கைதான் இப்ப ஓட்டுச்சு. ஒரு தடவைகூட உட்காராதவருக்கு முதல் வளைவுலயே எப்படித் தெரிஞ்சது?"

"நான்... அவ ஓட்டும்போது பாத்திருக்கேன்."

"திரையைத்தானே பாத்தீங்க? நான் எந்தப் பக்கம் அழுத்தறேன்னு திரையில தெரியாதே" என்றாள் தங்கை. அன்றைக்கு முதல்முறையாக அவள் குரல் நடுங்கவில்லை.

கேப்டன் சாவியை மேஜையில் எறிந்தான். "எதிர் டீமுக்குப் போனா அடுத்த சீசன் நான்தான் கேப்டன்னு சொன்னாங்க. கையில ஏதாவது கொண்டு வான்னாங்க." கதவை அறைந்துகொண்டு போனான். மேனேஜர் ஸ்டெப்னியின் முதுகைத் தட்டிக் கொடுத்தார், வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

மாலை 4.00

இறுதிப் போட்டி. எதிரணியின் பீரங்கிக் குழல்கள் எல்லாம் மேட்டையே பார்த்துக் காத்துக் கிடந்தன. ஸ்டெப்னி மேட்டில் பாதி தூரம் ஏறுவதும் இறங்குவதுமாகப் போக்குக் காட்டினான். குண்டுகள் அத்தனையும் அவனைச் சுற்றிப் பாறையில் வெடித்தன. அந்த நேரத்தில் தாடி முன்னே போக, தங்கை ஆற்றோரப் புதர் வழியாக எதிரிகளின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். அவர்கள் திரும்புவதற்குள் ஒன்று எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது டாங்கி அவளைப் பார்த்துக் குழலைத் திருப்பியபோது அவள் சரேலென்று ரிவர்ஸ் எடுத்துப் புதருக்குள் மறைந்தாள், குண்டு காற்றில் போனது, மறு நொடி வெளியே வந்து சுட்டாள். அதுவும் எரிந்தது, ஆட்டம் முடிந்தது.

அரங்கம் எழுந்து நின்றது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பிரேக் அக்கா இப்போதுதான் அழுதாள், வெட்கமே இல்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

மேனேஜர் மேடையேறி மைக்கை வாங்கினார். "கோப்பையை வாங்க எங்க கேப்டனைக் கூப்பிடறேன்" என்று சொல்லி, தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினார்.