குடை பிடித்த கோழி

எங்கள் டிராயிங் சார் பூவனலிங்கம் தினமும் குடையோடுதான் பள்ளிக்கு வருவார். மழை எட்டியே பார்க்காத கரிசல் காட்டில் ஒருவர் குடையோடு நடந்தால் சிரிப்பு வராதா?

"மேகமே இல்லையே சார்!" என்று ஒருநாள் என் வகுப்பு மாயகிருஷ்ணன் கேட்டான்.

"நான் தயாரா இருக்கேன்னு மழைக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் சார்.

சார் பிறந்தது இலங்கையில், மழை ஓயாத தேயிலை மலையில். எட்டு வயதில் அம்மாவோடு கப்பலேறி வந்தார். போக வேண்டிய ஊர் திருச்சி. இருவருக்கும் எழுத்து தெரியாது. அம்மாவுக்கு யாரிடமும் கேட்கக் கூச்சம். மதுரையில் மாறி ஏறிய ரயில் அவர்களை இறக்கிவிட்ட ஊர் கோவில்பட்டி.

"தப்பான ரயில்ல ஏறி, சரியான ஊருக்கு வந்தேன்" என்பார் சார்.

அதனால்தானோ என்னவோ, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அவர் வரைந்துகொண்டே இருந்தார். மருந்து உறை கொண்டு போனால், காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்கு நிலாவும் போட்டுத் தருவார். எங்கள் ஊர்ப் பெண்களைத் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ்களுக்கு ஏற்றிப்போகும் வண்டிகள் மூன்றிலும் படம் வரைந்தவர் அவர்தான். கோவில்பட்டி வண்டிக்குக் கிளி, கயத்தாறு வண்டிக்கு யானை, குளத்தூர் வண்டிக்கு மீன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு குடை இருக்கும். அதுதான் அவர் கையெழுத்து.

போன ஆனி மாதம் சார் காய்ச்சலில் இறந்துபோனார்.

ஆயுத பூசைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மூன்று வண்டிகளுக்கும் வெள்ளை பெயிண்ட் அடித்தார். கிளியும் யானையும் மீனும் மறைந்துபோயின. ஊர்ப் பெயர்கள் மட்டும் இருந்தன.

அடுத்த நாளே, கிளி வண்டியில் போக வேண்டிய என் அம்மா கயத்தாறில் போய் இறங்கினாள்.

"டிரைவர்ட்ட கேட்டு ஏறியிருக்கலாம்லாம்மா?" என்றேன்.

"விடியாத இருட்டுல அம்புட்டுப் பேரும் முண்டியடிச்சு ஏறுதோம். கேட்டா, 'அந்தா எழுதியிருக்குல்லா'ம்பாவ. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லணுமா?"

"கணக்கப்பிள்ளை வைதாவளா?"

"இன்னொரு தடவ இப்படின்னா வேலைக்கே வர வேண்டாம்னுட்டாவ."

"நான் வந்து ஏத்திவிடட்டா?"

"நான் என்ன ஒண்ணாங் கிளாஸ் பிள்ளையா? போட்டி அங்கிட்டு!" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் சோலைமுத்து அண்ணாச்சி கோவில்பட்டி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அதிகம் பேச வராது. அவர் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றும்வரை நின்றேன்.

"என்ன சுகுணா, வாயில கொழுக்கட்டையா?"

"கிளி" என்றேன்.

"எங்கன?"

"பெயிண்டுக்குள்ள."

அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் இருட்டுல மூணும் ஒண்ணாத்தான் தெரியுது. நேத்து என் சாவிய அடுத்த வண்டியில போட்டுத் திருகிக்கிட்டு நின்னேன். முதலாளி கேட்டா நீதான் பதில் சொல்லணும், சரியா?"

தலையாட்டினேன். மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து வந்தார். அது சிவப்பு.

"பச்சை இல்லையா அண்ணாச்சி?"

"கிளிக்குக் கோபம் வந்துட்டுன்னு நெனைச்சுக்கோ."

வரைந்தேன். வயிறு பெருத்துவிட்டது. வால் மேலே தூக்கிக்கொண்டது. அண்ணாச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது கிளியா தாயி?"

நன்றாக யோசித்துவிட்டு, "கோழி" என்றேன்.

மூலையில் இடம் இல்லை. குடையைக் கோழியின் தலைக்கு மேலேயே வரைந்தேன்.

திங்கட்கிழமை விடிகாலையில், கிளிக்குப் பதில் வந்த கோழியைக் காட்ட அம்மாவோடு போனேன். அண்ணாச்சியின் டார்ச் வெளிச்சம் பட்டதும் ஒரே சிரிப்பு. "ஏட்டி, கோழி குடை பிடிச்சிருக்கு பாரு!" பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அம்மாவும் ஏறினாள்.

அப்போது முதலாளியின் பைக் வந்து நின்றது.

"புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டியில யாரு இப்படிக் கிறுக்கினது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பேச வேண்டும். ஓரடி முன்னால் வந்தேன்.

வண்டிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அதை அழிச்சிராதீங்க முதலாளி. எனக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் ஏறுதேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கும்தான் தெரியாது" என்றார் இசக்கியம்மாள் அக்கா. "எனக்கும்" என்றது இன்னொரு குரல். பின் இருக்கையிலிருந்து மேலும் இரண்டு.

முதலாளி டார்ச்சை வாங்கிக் கோழியை நெடுநேரம் பார்த்தார்.

"இது டிராயிங் சார் குடைல்லா?"

"ஆமா" என்றேன்.

"சார் கோழியை இதைவிட நல்லா வரைவாரு" என்றார். பைக்கை உதைத்துக் கிளப்பியபின் திரும்பிப் பார்த்தார். "மத்த ரெண்டு வண்டியும் என்ன பாவம் செஞ்சுது? அதுலயும் வரைஞ்சிரு."

அடுத்த ஞாயிறு யானைக்குப் பெரிய குடையாக வரைந்தேன். பிறகு மீன் வரைந்தேன். அதற்கும் ஒரு குடை.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, மீன் நனைஞ்சிருமோ?"

"இல்லம்மா" என்றேன். "அது சார் குடை."