ஏறாத ஏணி

காலை 8.40. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஒன்றில், அரிசியைத் தீட்டும் பாலிஷர் மிஷினின் பேரிங் உடைந்தது. கழன்று பறந்த புல்லிச் சக்கரம், பக்கத்தில் நின்ற தொழிலாளி நல்லதம்பியின் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட நேரமில்லை.

மத்தியானம் 1.15. ஸ்ரீரங்கத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த அமலராணிக்குப் போன் வந்தது. மில் மெக்கானிக்கான அவள் கணவர் அமிர்தராஜைப் போலீஸ் பிடித்துவிட்டது. ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்களாம். பஸ் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்வரை அவளுக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

2.30. மில்லில், ஆறாத முட்டி வலிக்காகப் பட்டி கட்டிய காலை நீட்டி அமிர்தராஜ் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் சித்தார்த்தன், இன்ஸ்பெக்டர் ரஞ்சனியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நாங்க தேதி பாத்து சர்வீஸ் பண்றதில்லை மேடம். மிஷின் எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு மீட்டர் காட்டும். ஆயிரம் மணி நேரம் ஆனா, ரெண்டு நாள் மில்லை நிறுத்தி பேரிங் மாத்தணும். பொங்கலுக்கு அப்புறம் மாத்தினதா இவரு கையெழுத்து போட்டிருக்காரு. இன்னிக்கு மீட்டர்ல எண்ணூறுதான். எண்ணூறுக்குள்ள புது பேரிங் இப்படித் தேயுமா? புதுசை வித்துட்டு பழசையே மாட்டியிருக்காரு."

"ராத்திரியில மிஷின் ஓடுமா?"

"நெல் அவியல் மட்டும்தான். பாலிஷர் காலைல எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். இவரும் ஆறு மணிக்குக் கிளம்பிடுவாரு."

"மீட்டர் பெட்டிச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு இவர்கிட்ட, ஒண்ணு என்கிட்ட."

அமலராணி கணவர் பக்கம் குனிந்தாள். "புதுசுதானே மாட்டுனீங்க?"

"மாதா சத்தியமா புதுசு, ராணி. ஆனா மீட்டர் பொய் சொல்லுமா? என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல."

அவள் தினசரி மீட்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினாள். மில் ஓடியது எண்பது நாள். அமிர்தராஜின் கையெழுத்தில் தினமும் பத்து மணி நேரம்: பத்து, பத்து, பத்து. நடுவில் நாலு வரி மட்டும் வேறு கையெழுத்து.

"இது யார் எழுதினது?"

"நான்தான்," என்றார் சித்தார்த்தன். "இவரு அக்கா இறந்துட்டாங்கன்னு நாலு நாள் வையம்பட்டி போயிருந்தாரு."

"அப்ப உங்க சாவி?" கணவரைக் கேட்டாள்.

"என் இடுப்புல இருந்துச்சு," என்றார் அமிர்தராஜ்.

3.50. இன்னும் ஒரு மணி நேரம்தான். அமலராணி அண்ணாந்து பார்த்தாள். அரிசியைத் தூக்கிப் பாலிஷரில் கொட்டும் எலிவேட்டர், கூரை உயரத்துக்கு நின்றது. பாலிஷர் ஓடாமல் அதற்கு வேலையில்லை.

"அதுலயும் மீட்டர் மாட்டினதா சொன்னீங்களே?" என்று கணவரைக் கேட்டாள்.

"ஆமா. அதே நாள்லதான் ரெண்டையும் சைபர்ல வச்சேன். அது கிரீஸ் போடறதுக்கு. மிஷின் ஓடும்போதே போட்டுடலாம், நிறுத்த வேண்டியதில்லை. மாசாமாசம் ஏறிப் பாக்கணும், ஆனா..." அவளைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

சித்தார்த்தன் முகம் வெளுத்தது. அமலராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். முந்தானையால் மீட்டரின் தூசியைத் துடைத்து, எண்ணை உரக்கப் படித்தாள். "ஆயிரத்து எழுநூத்து அறுபது!"

இறங்கியதும் மூச்சு வாங்கச் சொன்னாள். "எண்பது நாளுக்குப் பங்கு போட்டா, ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் மேடம். பாலிஷரும் அவ்வளவு ஓடியிருக்கு. ஆயிரத்துல மாத்த வேண்டிய பேரிங். யாரோ தினமும் சாயங்காலம் பாலிஷர் மீட்டர் ஒயரைக் கழட்டி, காலைல மாட்டியிருக்காங்க."

"உங்க வீட்டுக்காரராவே இருக்கலாமே டீச்சர்?"

"இவர் வையம்பட்டியில இருந்த நாலு நாள் யாரு கழட்டி மாட்டுனா? மீட்டர் நின்னிருக்கணும், இல்லேன்னா இருபத்திரண்டு ஏறியிருக்கணும். அப்பவும் பத்து, பத்துன்னு எழுதியிருக்கு. அதை எழுதினது இவர்தான்." அவள் விரல் சித்தார்த்தனைக் காட்டியது. "மில்லை நிறுத்தவைக்கிற மீட்டரை மட்டும் ஏமாத்தினாரு. நிறுத்த வேண்டாத மீட்டர் இவர் ஞாபகத்துலயே இல்லை."

சித்தார்த்தன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "ஆர்டர் நெருக்குச்சு மேடம். ரெண்டு நாள் நிறுத்த முடியலை. தாங்கிடும்னு நெனச்சேன்."

4.45. "நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார் ரஞ்சனி. அமிர்தராஜ் எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை நான் ஏறிப் பாத்திருந்தா, நல்லதம்பி இருந்திருப்பான் ராணி."

முட்டி குணமாகும்வரை ஏணி ஏறவே கூடாது என்று, அவரிடம் அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கியிருந்தது அமலராணிதான்.