ஒன்பதாம் படுக்கையின் மணி

மதியம் இரண்டு மணிக்குக் கார் மருத்துவமனை வாசலில் நின்றது. பயிற்சியாளர் உடனே இறங்கவில்லை. யாராவது வந்து கதவைத் திறக்கட்டும் என்று, கழுத்துத் தலையணையைக் கழற்றுகிற பாவனையில் கொஞ்ச நேரம் கடத்திப் பார்த்தார். ஈ, காக்கைகூட வரவில்லை. தானே திறந்துகொண்டு இறங்கினார்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் இங்கே ஆண் நர்சாக இருந்தவர். இப்போது ‘தீமையே ஆசான்’ என்ற மூன்று மணி நேரப் பயிற்சியை ஊர் ஊராக நடத்துகிறார். ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் இருட்டு உண்டு, அதை ஒளிக்காமல் உட்காரவைத்துப் பேசினால் மனிதன் வளர்வான் என்பது சாரம். அவர் வளர்ந்திருந்தார். இழுபட்டு நின்ற கோட்டின் நடுப் பொத்தானே சாட்சி.

“பழைய ஆண்கள் வார்டைத்தான் சார் ஹாலா மாத்தியிருக்கோம்,” என்றார் உள்ளே அழைத்துப்போன நிர்வாகி அம்மாள். “நீங்க வேலை பாத்த இடமாமே! பொருத்தமா இருக்கும்னு நான்தான் இங்க போடச் சொன்னேன்.”

பயிற்சியாளர் கோட்டுப் பொத்தானை ஒருமுறை சரிசெய்தார். “ரொம்ப சந்தோஷம்மா,” என்றார்.

புதுத் தரை, புதுக் கூரை, புது நாற்காலிகள். ஆனால் பெயின்ட் வாசனைக்கு அடியில் பழைய பினாயில் அப்படியே இருந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை. நெஞ்சில் தேய்க்கிற தைலம்.

சுவரில் அந்த மரப்பலகையும் இருந்தது. பன்னிரண்டு சின்னச் சிவப்பு விளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் படுக்கை எண். நோயாளி படுக்கையிலிருந்து பொத்தானை அழுத்தினால் அவர் விளக்கு எரியும், நர்ஸ் மேசையில் மணியும் அடிக்கும்.

“இதை இன்னும் கழட்டலையா?”

“ஒயரெல்லாம் எப்பவோ அறுத்தாச்சு சார். பாக்க லட்சணமா இருக்கேன்னு விட்டுட்டோம்.”

இருபத்து நான்கு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “கையெழுத்து போட்டா ஒருநாள் லீவுன்னாங்கடி, அதான்,” என்று கிசுகிசுத்தாள்.

பயிற்சியாளர் தன் புகழ்பெற்ற கதையை எடுத்தார். ஒன்பதாம் படுக்கையில் ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், நெஞ்சில் எப்போதும் தைலம். தலையணை நழுவினால் அவருக்கு மூச்சு முட்டும். மணியடிப்பார். முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்த இளம் நர்ஸ், மேசையிலேயே அசந்து தூங்கிவிட்டான். மணி கேட்கவில்லை. முதியவர் போய்விட்டார்.

“அந்தத் தூக்கம்தான் என் இருட்டு. அதுதான் என்னை வளர்த்தது,” என்று குரலை இறக்கினார். இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு மூக்காவது உறிஞ்சும். இன்றைக்கு மூன்று.

அடுத்து பெட்டிப் பயிற்சி. வாழ்க்கையில் செய்த மிக மோசமான காரியத்தைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அவர் எடுத்து உரக்கப் படித்து, ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு பொன்மொழி வழங்குவார். மாமியார் கண்ணாடியை ஒளித்து வைத்தது, தங்கையின் கல்யாணத்தைக் கலைத்தது என்று இருபத்து நான்கும் முடிந்தன.

பெட்டியை மூடப் போனார். உள்ளே ஏதோ சரசரத்தது.

இன்னொரு சீட்டு. நாலாக மடித்தது. பென்சில் எழுத்து, முகவரி எழுதுவதுபோல் நிறுத்தி நிதானமாக.

படிக்கிற வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

“நீங்க தூங்கலையே தம்பி.”

ஹால் சிரித்தது, யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று.

பலகையில் ஒன்பதாம் விளக்கு எரிந்தது.

“அட, ஒயரே இல்லையே!” என்றார் நிர்வாகி அம்மாள்.

கிர்ர்ர்ர்.

மணி நிற்கவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்தது. தைல வாசனை அவர் தோள்வரை வந்து நின்றது. விட்டுவிட்டு இழுக்கிற மூச்சுச் சத்தமும் காதருகே.

“நான் தூங்கலை,” என்றார். அவர் குரல் மைக்கில் எலியின் குரல் மாதிரி ஒலித்தது. “முழிச்சுத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி ஆண்டு விழாக் கட்டுரைப் போட்டி. எழுதிக்கிட்டிருந்தேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துது, ஓட்டம் கெட்டுப்போச்சு. மேசைக்கடியில மணியோட பிளக்கைப் பிடுங்கிட்டேன். விளக்கு மட்டும் எரிஞ்சுது. நிமிந்து பாக்காம இருந்தாப் போதும்னு இருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

“நாப்பது நிமிஷம். எழுதி முடிச்சுட்டு பிளக்கைச் சொருகினேன். சொருகினதுமே மணி அடிச்சுது. அப்பாடா, இருக்கார்னு ஓடினேன். கட்டைவிரல் பொத்தான் மேலயே இருந்துது. உடம்பு சில்லுன்னு இருந்துது.”

“கட்டுரைத் தலைப்பு என்ன சார்?” கடைசி வரிசைக்காரி மெல்லக் கேட்டாள்.

அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

“நோயாளியிடம் கருணை. முதல் பரிசு.”

மணி நின்றது. விளக்கு அணைந்தது.

அவமானத்தில் காது மடல்கள் எரிய, கல்லடிக்குக் காத்திருப்பவர்போல் தலையைக் குனிந்து நின்றார்.

கை தட்டினார்கள்.

எழுந்து நின்று தட்டினார்கள். நிர்வாகி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். “மணி, விளக்கெல்லாம் வெச்சு அசத்திட்டீங்க சார்! எப்படி செட் பண்ணீங்க? தூங்கின கதையைவிட இது நல்லா எடுபடுது. இனிமே இதையே வெச்சுக்கோங்க.”

இல்லை, அது நிஜம் என்று சொல்ல வாய் திறந்தார். திறந்த வாய் புன்னகையாக விரிந்தது. கைகள் தாமாகக் குவிந்தன. ‘கட்டைவிரல்’ என்ற இடத்தில் இன்னும் ஒரு நொடி நிறுத்தியிருக்கலாம் என்று உள்ளே யாரோ கணக்குப் போட்டார்கள். அந்த யாரோ அவர்தான்.

கடைசி வரிசைக்காரி மட்டும் தட்டவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் காரில் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடினார். வெயில் இன்னும் இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. மேடு பள்ளத்தில் கழுத்துத் தலையணை நழுவி, தலை ஒருபக்கமாகத் தொங்கியது. நெஞ்சு அடைத்தது. கை தூக்க முடியவில்லை.

தலையணையை யாரோ சரிசெய்தார்கள்.

முரட்டுத்தனமாக அல்ல. முதலில் தலையைத் தாங்கிப் பிடித்து, பிறகு தலையணையை மெல்ல உள்ளே தள்ளி, நர்சுகளுக்குச் சொல்லித்தருகிற அதே முறையில்.

கண்ணைத் திறந்தார். டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் இருந்தன.

கார் முழுக்கத் தைல வாசனை.

“இப்பவாவது தூங்குங்க தம்பி.”