ஆறு மணி வெயில்

மாமல்லபுரத்திலிருந்து கிளம்பிய ஷேர் ஆட்டோவுக்குள் மழைச்சாரல் அடித்தது. கணினி வகுப்பு முடிந்து வீடு திரும்பிய ஜெனிட்டாவின் தோளில், பக்கத்தில் இருந்தவனின் தலை மெல்லச் சாய்ந்தது.

"ஹலோ... இது தோளு. தலகாணி இல்ல."

அவன் பதறி விழித்தான். சிவந்த கண்கள்... ஆனாலும் எத்தனை அழகு என்று நினைத்துவிட்டு, தன்னையே கடிந்துகொண்டாள்.

"சாரிங்க. அமெரிக்காலேர்ந்து வந்து நாலு நாள் ஆவுது. ராத்திரி தூக்கமே இல்ல. சாயங்காலமானா கண்ணு சொருவிகினு வருது."

அவன் ஹேமந்த். மறைமலைநகர் தொழிற்சாலையில் பொறியாளர். பயிற்சிக்குப் போய் வந்து, நெம்மேலியில் அக்கா வீட்டில் இரண்டு வார விடுமுறை.

ஜெனிட்டா விமானம் ஏறியதில்லை. ஆனால் நெம்மேலி குடிநீர் ஆலையின் ஆய்வகத்தில் ஷிப்ட் மாறி மாறி உழைப்பவள். உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கத் தெரிந்தவள்.

"காலைல ஆறு மணி வெயில் மூஞ்சில படணும். பகல்ல படுக்கக் கூடாது. எப்ப முழிப்பு வருதுன்னு தெனம் எழுதணும்."

"யாரு எழுதறது?"

"நான் எழுதறேன்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல், வேலைக்குப் போகும்முன் கடற்கரையில் அவனோடு அரை மணி நேரம். குறிப்பேட்டில் முதல் நாள் விழிப்பு இரண்டு மணி. மூன்றாம் நாள் மூன்றரை. ஆறாம் நாள் நான்கு... அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குள் அவளுக்கு இரவு ஷிப்ட் வந்தது. முடிந்ததும் வெயில் கண்ணில் படாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவது அவள் வழக்கம். இப்போதோ கால்கள் நேரே கரைக்குப் போயின.

"ப்ளேன்ல வந்தவரு," ஆலையில் உடன் வேலை செய்யும் மோகன் கிண்டலடித்தான். "தூக்கம் வந்துட்டா உன்ன எங்க நெனைக்கப் போறாரு?"

சுருக்கென்றது. உண்மைதானோ...

பத்தாம் நாள் குறிப்பேட்டை மூடினாள். "உங்க கண்ணு தெளிஞ்சிடுச்சு. நாளைலேர்ந்து வர வேணாம்."

"இன்னும் நாலு மணிக்கே முழிப்பு வந்துகினு கீதுங்க..."

அவன் சட்டைப்பையில் செல்பேசி அலறியது.

"இது இன்னா?"

ஹேமந்த் தலைகுனிந்தான். "அலாரம். இங்க வர்றதுக்கு முழிக்கணுமேன்னு மூணு வெச்சிருந்தேன். கடைசிய நிறுத்த மறந்துட்டேன்... நாலு நாளா நல்லாத்தான் தூங்கறேன். சரியாயிட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு பொய் சொன்னேன்."

அவள் கடலைப் பார்த்தாள். முகத்தைக் காட்ட முடியவில்லை.

ஹேமந்த் எட்டி அவள் முகத்தைப் பார்த்தான். "உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்துகீது? ஷிப்ட் எப்ப மாறிச்சு?"

"திங்கக்கிழம."

"அப்ப இந்நேரம் வூட்ல தூங்கணுமே. ஏன் போவல?"

அலை வந்து அவள் காலை நனைத்துத் திரும்பியது.

"உங்கள பாக்காம தூக்கம் வராதுன்னு தோணிச்சு..."

ஹேமந்த் எழுந்தான். அவள் கண்ணில் வெயில் விழாதபடி, சூரியனை மறைத்து நின்றான்.

"நீ போயி தூங்கு, ஜெனிட்டா. சாயங்காலம் இங்கயே காத்துகினு இருக்கேன். இப்பல்லாம் அந்த நேரத்துல எனக்குத் தூக்கம் வர்றதில்ல."