மூன்றாவது தட்டின் வளையம்

1986 ஜூலை 8, செவ்வாய். காலை மணி 9.10.

செம்பூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், குப்பைமேனிச் சாறு வைத்திருந்த பாட்டிலைக் காணவில்லை.

நஸீரா அலமாரியை இரண்டு முறை குடைந்துவிட்டாள். தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளியின் மகள் அவள். இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாறு கிருமியைக் கொல்லுமா என்று இரண்டு வருடமாகச் சோதித்து வந்தாள்.

சாற்றை வாங்கிப்போக வந்திருந்தார் சுயம்பு. ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். அங்கே அதை மறுபடி சோதிக்க ஏற்பாடாகியிருந்தது.

"ராத்திரி ரூம் சாவி யாருட்ட இருக்கும், தங்கச்சி?"

"ரெண்டு சாவி அண்ணாச்சி. ஒண்ணு பஞ்சு சார்ட்ட, ஒண்ணு பிச்சையாட்ட."

பேராசிரியர் பஞ்சாபகேசன் உள்ளே வந்தார். நஸீராவுக்கு இடம் தரச்சொல்லிப் பிரின்சிபாலிடம் சண்டை போட்டவர். "இதுல என்ன மர்மம்? ஸ்பிரிட் வாசனைக்குப் பிச்சையா குடிச்சிருப்பான். போலீஸைக் கூப்பிடுங்கோ" என்றார்.

வாசலில் நின்ற கடைநிலை ஊழியர் பிச்சையா கையெடுத்துக் கும்பிட்டார். "குடிப்பேன் சார், இல்லேங்கல. ஆனா இதைத் தொடல."

சுயம்பு அலமாரியைப் பார்த்தார். காலி இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்த ஸ்பிரிட் கேன், சீல் உடையாமல் இருந்தது.

மணி 9.40. நஸீராவின் நோட்டைப் புரட்டினார் சுயம்பு. மே மாதம் முழுக்கச் சாறு கிருமியைக் கொன்ற வளையத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். ஜூன் 3 முதல் இருபத்தொன்று.

"ஜூன்ல என்ன மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல. சாறு கலங்கலா இருக்குன்னு சார்தான் வாங்கிட்டுப்போய் வடிகட்டித் தந்தாங்க."

"நேத்து வச்ச தட்டு இருக்கா?"

இன்குபேட்டரிலிருந்து மூன்று கண்ணாடித் தட்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் படர்ந்த கிருமியின் மேல் மூன்று காகிதப் பொட்டுகள்: வெறும் ஸ்பிரிட் நனைத்தது ஒன்று, சாறு நனைத்தது ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கக் குளோராம்பெனிகால் மருந்து நனைத்தது ஒன்று. பொட்டைச் சுற்றிக் கிருமி செத்த இடம் தெளிந்த வளையமாகத் தெரியும்.

"ரெண்டு தட்டுதானே?" என்றார் பேராசிரியர்.

"மூணாவது எங்க உம்மா கால் புண்ணுல எடுத்தது சார். ஒங்ககிட்ட சொல்லல."

முதல் இரண்டு தட்டிலும் மருந்துக்குப் பெரிய வளையம்; சாற்றுக்கு இருபத்தொன்று. மூன்றாவதில் மருந்துக்கு வளையமே இல்லை. சுயம்பு சாற்றின் வளையத்தில் ஸ்கேலை வைத்தார். ஒன்பது.

மணி 10.05.

"பிச்சையாவ விடுங்க" என்றார் சுயம்பு. "குடிக்கிறவன் சீல் உடைக்காத கேனை விட்டுட்டு, கசப்புச் சாறையா எடுப்பான்? அத எடுத்தது, எங்க லேபுக்குப் போகக் கூடாதுன்னு நெனச்ச ஆளு."

"என்ன சொல்றீர்?"

"உம்மா கால்ல உள்ள கிருமி குளோராம்பெனிகாலுக்கு அடங்காதது. அங்க மருந்து தோத்துச்சு. அதோட சாறும் மே மாசத்து அளவுக்கே எறங்கிருச்சு. அப்ப மத்த தட்டுல இருபத்தொண்ணு வந்தது எதால? சாறுல அந்த மருந்தையே கலந்திருக்கு. வடிகட்டுனது நீங்க. இன்னொரு சாவியும் உங்ககிட்ட. எங்க கொட்டுனீங்க சார்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிங்க்ல" என்றார். "அடுத்த மாசம் புனேயில கட்டுரை வாசிக்கணும். ஒன்பது மில்லிமீட்டரை யார் கேப்பா?"

நஸீரா அவரையே பார்த்தாள்.

"ஒன்பதுதான் என் செடி செஞ்ச வேலை சார். அது பொய் இல்லியே?"

அவர் குனிந்துகொண்டார்.

"இந்த இலைய அரைச்சு உம்மா காலுக்குப் போடட்டுமான்னு ஒங்ககிட்ட கேட்டேன். தாராளமான்னு சொன்னீங்க. ஒங்க பேச்சை நம்பித்தானே ஒரு மாசமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகல? அப்பவாவது ஒரு வார்த்தை..."

தன் நோட்டை எடுத்துச் சுயம்புவிடம் கொடுத்தாள். "பிரின்சிபால்ட்ட நீங்க காட்டுங்க அண்ணாச்சி. நான் வீட்டுக்குப் போறேன்."

மழையில் ரயில் நின்று நின்று போனது. அவள் தாராவிக்கு வந்தபோது, உம்மா பேகம் காலை நீட்டிப்போட்டு இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஏன் புள்ள? ஒங்க சாரே சொல்லிட்டாகன்னியே!"

நஸீரா உம்மாவின் தோளைத் தாங்கி எழுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் பிழைத்தது.